பின்சக்கரத்தில் பூசிய சேறு

புது டயர் என்றால் எல்லோருக்கும் சந்தோஷம். நான் மட்டும் அதைப் பாறையில் நாலு தரம் தேய்த்துப் பழக்காமல் யார் கையிலும் கொடுக்க மாட்டேன்.

பாறைமேல் மோட்டார் சைக்கிள் ஏற்றுவதுதான் எங்கள் விளையாட்டு. வேகம் கணக்கில் வராது, கால் தரையில் படக்கூடாது. ஸ்பெயினின் கட்டலோனியாவில், எங்கள் மலைப்பக்கத்தில், வீட்டுக்கொரு பைத்தியம் இதற்கு உண்டு. எங்கள் வீட்டில் என் தம்பி ஓலெகேர். அவன் ஓட்டுவான், நான் கருவிப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு கூடவே ஏறுவேன். பாறையைப் பார்ப்பது அவன் வேலை, வண்டியைப் பார்ப்பது என் வேலை. வண்டி புரண்டால் மேலே நின்று ஹேண்டில்பாரைப் பிடிப்பவனும் நான்தான்.

அந்த வருடம் வெங்காயத்தாள் சுட்டுத் தின்னும் விருந்தன்று, கையெல்லாம் கரியோடு, இத்தாலிக்காரர்கள் தங்கள் அணியில் ஓட்டத் தன்னைக் கூப்பிட்டிருப்பதாகச் சொன்னான். பை தூக்க அவர்களிடமே ஆள் உண்டாம்.

“எத்தனை நாள்தான் என் பின்னாடியே மூட்டை சுமப்பே? முட்டி வேற வலிக்குதுங்கிறே. கொஞ்சம் உக்காருண்ணே.”

அக்கறையாகத்தான் சொன்னான். அவனை விட்டால் எனக்கு யாருமில்லை.

அடுத்த ஞாயிறு ஆற்றுப்படுகையில் பயிற்சி. ஆளுயரப் பாறை. தேய்ந்த பின்டயர் அதில் முதலில் வழுக்கும், பிறகுதான் பிடிக்கும். அந்த வழுக்கலையும் சேர்த்து ஆக்சிலேட்டரைத் திருக வேண்டும். காலை முழுக்க அப்படியே ஏறினான். கை அந்த அளவுக்குப் பழகிவிட்டது. தக்காளி தேய்த்த ரொட்டியோடு அவன் மரத்தடிக்கு ஒதுங்கியபோது பின்சக்கரத்தை மாற்றினேன். பழக்காத புது டயர். அது வழுக்காது, உடனே கவ்வும். அதே திருகலுக்கு வண்டி மல்லாக்கப் புரளும். வித்தியாசம் தெரியாதிருக்கச் சேற்றை அள்ளிப் பூசினேன். தோள் எலும்பு ஒன்று முறிந்தால் போதும், இந்த வருடம் வீட்டிலிருப்பான் என்பதுதான் என் எண்ணம்.

“ரெடியாண்ணே?” என்று கீழேயிருந்து கேட்டான்.

“வாடா” என்றேன்.

டயர் கவ்வியது. முன்சக்கரம் என் முகத்துக்கு நேரே எழுந்தது. அவன் கண்ணையும் பார்த்தேன். பயமில்லை, நான் இருக்கிறேன் என்ற தைரியம்தான் இருந்தது. பாறைகள்மேல் முதுகு அடிபட விழுந்தான், அவன்மேல் வண்டி.

கழுத்துக்குக் கீழே இனி அசைவு வராது என்றார்கள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் நான்தான். ஒருநாள் சூப் ஊட்டும்போது அவனே என்னைத் தேற்றினான்.

“நீ பிடிக்கத்தான் பாத்தே, எட்டலை. அதையே நினைச்சு அழாதேண்ணே.”

அந்த அழுகை பொய்யில்லை. இன்றும் அழுகிறேன்.

எட்டியது. ஹேண்டில்பார் என் கையிலிருந்து ஒரு முழத் தூரம்கூட இல்லை. நான் பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

செய்தது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த இத்தாலிக்காரர்கள் அவனை இப்படிப் பார்த்துக்கொள்வார்களா, நீங்களே சொல்லுங்கள்.