முகம் சுளிக்காத வார்டு

உட்காரலாமா சார்? நாளெல்லாம் நின்று பொட்டலம் மடித்த கால்கள். காபி வேண்டாம், உங்கள் போலீஸ் ஸ்டேஷன் காபியில் சிக்கரி தூக்கல்.

என் பெயர் சீனிவாசராகவன். லிங்கராஜபுரம் தாண்டி இருக்கிற க்ஷயரோக ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். ஊசி மட்டும் போட்டால் க்ஷயக் கிருமி அதற்குப் பழகிவிடுகிறது. அப்புறம் எத்தனை போட்டாலும் சாகாது. கூட இன்னொரு மருந்து சேர்த்தால் பழகாது. எந்த ஜோடி நல்லது என்று பார்க்க ஐம்பத்தாறில் கிழக்கு வார்டுக்கு ஊசியும் பொடியும், மேற்கு வார்டுக்கு ஊசியும் புது மாத்திரையும் கொடுத்தார்கள். பொடிதான் ஜெயிக்கும் என்று டாக்டர் ஆம்ப்ரோஸ் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பொடி குமட்டும். நோயாளிகள் அதை ஜன்னல் வழியே கொட்டுகிறார்கள் என்று ஒருநாள் அவரிடம் நல்லதுக்குத்தான் சொன்னேன். நர்சுகள் எதிரில் சிரித்தார். "ஐயங்காரே, உமக்குப் பொட்டலம் மடிக்கிற வேலை. வைத்தியத்தை நான் பாத்துக்கறேன்" என்றார். என்ன திமிர் பாருங்கள். சரி என்று மடித்தேன். மறுநாளிலிருந்து சமையல் சோடாவை மடித்தேன்.

அதற்கப்புறம் கிழக்கு வார்டில் ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை. மௌரீன் சிஸ்டருக்கு மட்டும் சந்தேகம். "என்ன டாக்டர், பொடியை மோர் மாதிரி குடிக்கறாங்க?" என்றாள். "பழகிட்டாங்க சிஸ்டர்" என்று அவர் பூரித்துப்போனார். நோயாளிகளுக்கும் வயிற்றெரிச்சல் நின்றது. அது நான் செய்த உபகாரம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

முதலில் ஊசி வேலை செய்தது, எல்லாரும் தேறினார்கள். கிழக்கு வார்டில் இருந்த யசோதா டீச்சர் சதை போட்டு, எனக்கு நமஸ்காரம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். இந்தத் தடவை ஊசி பலிக்கவில்லை. யசோதா செத்துப்போனாள். அவள் மகள் பாகீரதிக்கும் அதே கிருமி தொற்றியிருந்தது.

ஆம்ப்ரோஸ் மருந்தறைக்கு வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதார். "ஊசியும் போச்சு, பொடியும் கைவிட்டுடுச்சு ஐயங்காரே. மாத்திரையைத் தனியாக் கொடுத்தா அதுக்கும் பழகிடும். துணைக்குக் கொடுக்க என்கிட்ட வேற ஒண்ணுமே இல்லையே. அந்தக் குழந்தையை நான் என்ன பண்ணுவேன்?"

அவர் முதுகுக்குப் பின்னால், பூட்டின அலமாரியில், பொடி டப்பாக்கள் பிரிக்காமல் இருந்தன. நேற்று நீங்கள் எடுத்துப்போனீர்களே, அவைதான். அந்தக் கிருமி பொடிக்குப் பழகவே இல்லை. மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்திருந்தால் குழந்தை தேறியிருக்கும். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு வார்த்தை போதும். நான் அவருக்குக் குடிக்கத் தண்ணீர் மட்டும் கொடுத்தேன்.

மாத்திரை தனியாகப் போயிற்று. குழந்தை ஆடி மாதம் தவறிவிட்டது. எனக்கும் வருத்தம்தான், நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை. ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள் சார். அது பிழைத்திருந்தால் ஆம்ப்ரோஸ் அல்லவா ஜெயித்திருப்பார்?