மெயினை மட்டும் தொடாதே

சகாயமேரி: ...அதான் சொல்றேன் ஹெலினா, கரண்ட்ட தண்ணியா செலவு பண்ணா பில்லு எகிறாம இன்னா பண்ணும்?

ஹெலினா: ஒரு ஃபேனு, ஒரு ஃப்ரிட்ஜு. அவ்ளோதான்க்கா ஓடுது. மிக்ஸி செத்தே ஒரு மாசமாச்சு.

சகாயமேரி: ஃபேன எதுக்குப் போடற? ஜன்னலத் தொற. ஏரிக்காத்து சும்மா பிச்சிக்கினு வருது.

ஹெலினா: கொசுவும் வருதுக்கா... ஃப்ரீயா.

சகாயமேரி: இந்த வாய்தான்... இதோ பாரு, மாடில ஓனருங்க நாங்க மூணு பேரு கீறோம். எங்க பில்லு உன்னுதுல பாதிகூட இல்ல. இந்த வாட்டியும் கட்டாம இழுத்தன்னா ஊட்ட காலி பண்ணிடு.

ஹெலினா: அதுக்குத்தான் ஒரு முடிவு பண்ணிட்டேன். பட்டாபிராம்ல அம்மா ஊட்டுக்குப் போறேன். ஒரு மாசம். மெயினயே ஆஃப் பண்ணி, பூட்டிக்கினு...

சகாயமேரி: மெயினா?

ஹெலினா: ஆமா.

சகாயமேரி: அது... அது எதுக்கு? ஃப்ரிட்ஜுல இருக்கறது கெட்டுப்பூடும்.

ஹெலினா: காலி பண்ணித் தொடச்சிட்டேன்.

சகாயமேரி: ஊடு இருட்டா கெடந்தா திருடன் வருவான். ஒரு லைட்டாவது எரியட்டும்.

ஹெலினா: செலவுக்கா.

சகாயமேரி: அடியே, திருஇருதயப் படத்துக்கு முன்னாடி செவப்பு பல்பு... ஆண்டவர இருட்டுல வுட்டுட்டா போவ?

ஹெலினா: அந்த பல்ப புடுங்கச் சொன்னதே நீங்கதான். அதுவும் பூசை முடிஞ்சி வந்த கையோட.

சகாயமேரி: வெளையாட்டுக்கு சொன்னேன்மா! மாட்டிக்கோ. ஃபேனும் ஓடட்டும். ஓடாம கெடந்தா துரு புடிச்சிக்கும்.

ஹெலினா: இவ்ளோ நாளா நிறுத்து நிறுத்துன்னீங்க. இப்ப போடு போடுன்றீங்க...

சகாயமேரி: உன் நல்லதுக்குத்தான்... ஏய், கைய எடு... ஹெலினா!

ஹெலினா: ஆஃப் பண்ணிட்டேன்.

மாடியிலிருந்து ஜெர்வின்: மம்மி! என் ரூம்ல ஏசி நின்னுடுச்சி!

சகாயமேரி: தெருவுக்கே கரண்ட் போயிருக்கும்டா...

ஜெர்வின்: ஹால்ல டிவி ஓடுதே!

ஹெலினா: ஏன்க்கா... என் மெயின ஆஃப் பண்ணா உங்க ஏசி ஏன் நிக்குது?

சகாயமேரி: அந்த... எலக்ட்ரீஷியன் அசோக்கு... லைன மாத்திக் குடுத்துட்டான் போல. மாதா சத்தியமா எனக்கே இப்பதான்மா தெரியுது.

ஹெலினா: அசோக்கா? பில்லு ஏன் எகிறுதுன்னு பாக்க நான்தான் அவர வரச்சொன்னேன். உள்ள என் கிச்சன்ல டீ குடிச்சிக்கினுதான் கீறாரு. 'மேரியக்காதான் கீழ் ஊட்டு லைன்ல குடுக்கச் சொன்னாங்க'ன்றாரு. கூப்புடட்டுமா?