ஒரு மேட்சையும் விட்டுக்கொடுக்காத தனக்கோடி மாஸ்டர்

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று ஜூலை மாசமே சொன்னவன் நான். அந்தத் தகுதியில்தான் இந்த மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

மேடையில் நடுநாயகமாக அமர்ந்திருக்கும் கல்லூரித் தாளாளர் ஐயா அவர்களே, பக்கத்தில் முதல்வர் அம்மா அவர்களே, முன்வரிசையில் இருக்கும் மாஸ்டரின் துணைவியார், என் கூடப் பிறக்காத அக்கா ஹேமாவதி அவர்களே, வெயிலுக்குப் பயந்து காலேஜ் பஸ் நிழலில் ஒதுங்கி நிற்கும் மாணவச் செல்வங்களே, உங்கள் எல்லோருக்கும் கீழ்க்கட்டளை துளசிங்கத்தின் வணக்கம்.

நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். அதற்கு மேல் வாத்தியார்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதாகிவிட்டதால் நிறுத்திக்கொண்டேன். இந்தக் கல்லூரியின் பாஸ்கெட்பால் டீமை இத்தனை வருஷமாக மேட்சுக்கு மேட்ச் ஏற்றி இறக்கியது என் வேன்தான். வெறும் வேன்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். டீமுக்கே ஆலோசகர். மாஸ்டரே ஒருநாள் சொன்னார்: "துளசி, நீ வாயை மூடிக்கினு ஓட்டியிருந்தா பாதி மேட்ச் ஜெயிச்சிருப்போம்." என் வாய்க்கு அவ்வளவு சக்தி இருக்கிறது என்று மறைந்த தனக்கோடி மாஸ்டர் அவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

நான் என்ன சொன்னேன்? இந்த சீசனில் ஒரு மேட்சும் ஜெயிக்க மாட்டோம் என்றேன். ஜெயித்தோமா? பன்னிரண்டு பையன்களில் பாதிக்கு மேல் பொங்கலுக்குள் காணாமல் போவார்கள் என்றேன். போனார்களா இல்லையா? நாலு பேரை இன்டர்ன்ஷிப் கொண்டுபோனது. அரியர் இருக்கிறது என்று ஒருத்தனை அவன் அப்பா பாஸ்கெட்பால் கோர்ட்டுக்கே வந்து இழுத்துக்கொண்டு போனார். ஒருத்தன் பெருங்களத்தூரில் பைக்கிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டான். இன்னொருத்தன் காதலில் விழுந்தான், அந்தப் பெண்ணுக்குக் கிரிக்கெட்தான் பிடிக்குமாம். மாஸ்டர் உடம்பு இதைத் தாங்காது என்றும் சொன்னேன். அதை மட்டும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

தனக்கோடி மாஸ்டர் யார்? பெயருக்கு உடற்கல்வி இயக்குநர். ஆனால் ஐப்பசி மழையில் இந்தக் கோர்ட் குளமாகி நிற்கும்போது தண்ணீரைத் தள்ளியது யார்? அவர்தான். பழைய பிளெக்ஸ் பேனரை ஒரு மூங்கிலில் சுற்றிக்கொண்டு, பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தள்ளுவார். யாரோ ஒரு பெண்ணின் மஞ்சள் நீராட்டு விழா பேனர் அது. அந்தப் பெண்ணுக்கு இப்போது கல்யாணமே ஆகியிருக்கும், பேனர் மட்டும் மாறவில்லை. இன்று அவர் படத்தைப் போட்டு நமக்குப் பின்னால் ஒரு பிளெக்ஸ் கட்டியிருக்கிறோம். அடுத்த மழைக்கு இதை வைத்துத் தண்ணீர் தள்ள ஆள் இல்லை.

அந்த ஜெர்சி பை கதை தெரியுமா உங்களுக்கு? பையன்கள் குறையக் குறைய, பையிலிருந்த ஜெர்சி மட்டும் குறையவே இல்லை. பன்னிரண்டும் எல்லா மேட்சுக்கும் வரும். பன்னிரண்டும் திரும்பிப் போகும். பன்னிரண்டையும் ஹேமாவதி அக்கா துவைத்து சேலையூர் மொட்டைமாடியில் காயப்போடுவார்கள். போடாத சட்டையை எதுக்குக்கா துவைக்கிறீங்க என்று நான் ஒருநாள் கேட்டேன். மத்ததோட ஒண்ணா கெடந்து வேர்வை நாத்தம் ஏறிடுதுப்பா என்றார்கள். ஆனால் எனக்குத் தெரியும். போனவன் எவனாவது திரும்பி வந்து நின்றால் சட்டை ஈரமில்லாமல் இருக்க வேண்டும் என்பது மாஸ்டரின் உத்தரவு. எவனும் வரவில்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தாளாளர் ஐயா இருக்கிறபோதே சொல்ல வேண்டிய விஷயம்.

பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் ரெண்டாவது மேட்சில் செம அடி வாங்கிவிட்டு வந்துகொண்டிருந்தோம். கேப்டன் ஆல்வின் பின்சீட்டிலிருந்து சொன்னான்: "நான் நின்னுக்குறேன் மாஸ்டர். அடுத்த வருஷம் டீமே கிடையாதாம். கோர்ட்ல பஸ் நிறுத்தப் போறாங்களாம். அப்புறம் எதுக்கு ஓடணும்?" மாஸ்டர் கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கல்யாணத்துக்குக்கூட விசிலோடு வருகிற மனுஷன் அவர்.

அப்போதுதான் நான் சொன்னேன். அதற்கு முந்தின நாள் தாளாளர் ஐயாவை என் வண்டியில்தான் ஏர்போர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு மோர் பாக்கெட். திரிசூலம் பக்கம் சிக்னலில் நிற்கும்போது ஐயா போனில் பேசினார். என்ன பேசினார்? "ஜெயிக்கலைன்னாலும் பரவாயில்லை. ஒரு மேட்சைக்கூட விட்டுக்கொடுக்காம, பாதியில எழுந்து வராம சீசனை முடிச்சுட்டாங்கன்னா, டீமும் இருக்கும், கோர்ட்டும் இருக்கும்." மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "நெசமாவா துளசி?" என்றார். என் காதால கேட்டேன் மாஸ்டர் என்றேன். விசில் திரும்பவும் கழுத்துக்கு வந்தது.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்த சீசன் முழுக்க ஆடினார்கள். எட்டுப் பேரோடு ஆடித் தோற்றார்கள். ஆறு பேரோடு ஆடித் தோற்றார்கள். காய்ச்சலோடு ஆடித் தோற்றார்கள். எவ்வளவு தோற்றாலும் கடைசி விசில் வரைக்கும் கோர்ட்டில் நின்றார்கள். நின்றது யாரால்? ஐயாவின் வார்த்தையால். ஐயா, நீங்கள் அதை மறந்திருக்க மாட்டீர்கள். உங்களுக்கு ஆயிரம் வேலை.

கடைசி மேட்ச் கூடுவாஞ்சேரி தாண்டி. கோர்ட்டுக்குள் ஐந்து பேர். பெஞ்சில் மாஸ்டர், தண்ணீர் கேன், நான். கூட்டம் மூவாயிரம் பேர் இருக்கும். அங்கிருந்து ஆல்வின் முறைக்கிறான். சரி, முந்நூறு. சரிடா, முப்பது பேரும் ஒரு சமோசாக்காரரும்.

ஒருத்தனுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது, தூக்கிக்கொண்டு வந்தோம். ஐந்து ஃபவுல் ஆனால் ஆள் வெளியே போக வேண்டும் இல்லையா, அப்படி ரெண்டு பேர் போனார்கள். மிச்சம் ஆல்வினும் முகிலனும். எதிரில் ஐந்து பேர். ரெண்டு பேர் இருக்கும்வரைதான் ஆட்டம் ஓடும். ஒருத்தன் ஆகிவிட்டால் அங்கேயே முடித்துவிடுவார்கள். ஆல்வின் கணக்கில் ஏற்கெனவே நாலு ஃபவுல். இன்னொன்று விழுந்தால் சீசன் பாதியில் நின்றதாக ஆகிவிடும்.

மாஸ்டர் ரெண்டு பேரையும் கூப்பிட்டார். "கையைத் தூக்கிக்கினு நில்லுங்க. எவனையும் தொடாதீங்க. அவன் போட்டா போட்டும்." அவ்வளவுதான் பிளான். இத்தனை வருஷம் கற்றுக்கொடுத்த டிஃபென்ஸ் எல்லாம் கடைசியில் அந்த ஒரு வரியில் வந்து நின்றது. ரெண்டு பையன்களும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். எதிராளிகள் பக்கத்திலேயே வந்து வந்து கூடையில் போட்டுவிட்டுப் போகிறார்கள். ஒரு கட்டத்தில் எதிர் டீம் பையன் ஒருத்தன் மனசு கேட்காமல் பந்தைத் தட்டிக்கொண்டு சும்மா நின்றான். முகிலன் சொன்னான்: "போடு மச்சான். பாவம் பாக்காத."

எதிர் டீம் கோச் எங்கள் பெஞ்சுக்கு வந்தார். நல்ல மனுஷன். பசங்களைப் பார்த்தா கஷ்டமா இருக்கு சார், போதும்னு கையெழுத்துப் போட்டுடலாமே என்றார். மாஸ்டர் இடது கையால் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கேட்டதற்கு கேஸ் டிரபுள் என்றார், நான் சோடா வாங்கிக் கொடுத்திருந்தேன். அந்தக் கோச்சிடம் சொன்னார்: "இன்னும் டைம் இருக்கே சார். உங்களுக்கு அவசரம்னா நீங்க கிளம்புங்க."

கடைசி விசில் வரைக்கும் நின்றார்கள். ஸ்கோர் என்னவென்று கேட்காதீர்கள். ஜெயித்தவர்களே கை தட்டிக்கொள்ளவில்லை.

திரும்பும்போது மாஸ்டர் எப்போதும்போல முன்சீட்டில், என் பக்கத்தில். ஊரப்பாக்கம் தாண்டும்போது கேட்டார்: "முடிச்சிட்டோம்ல துளசி?" முடிச்சிட்டோம் மாஸ்டர் என்றேன். "அப்ப டீம் இருக்கும்" என்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

நான் எப்படி ஓட்டுவேன் என்று ஜி.எஸ்.டி. ரோட்டுக்கே தெரியும். கலெக்டர் காரையே முந்தினவன். அன்றைக்கு நான் ஹாரன் அடிக்கவில்லை. மாஸ்டர் இப்போதுதான் அசந்திருக்கிறார், குலுங்கினால் முழித்துக்கொள்வார் என்று ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் ஊர்ந்து ஊர்ந்து போனேன். பின்னால் பேசிய பையன்களை அதட்டி அடக்கினேன். வண்டலூரில் டிராஃபிக், பேசாமல் நின்றேன். ஒரு தடவை, வாழ்க்கையில் ஒரே தடவை, நிதானமாக ஓட்டினேன். சேலையூரில் அவர் வாசலில் நிறுத்தி, மாஸ்டர், வூடு வந்தாச்சு என்றேன். ஜெர்சி பையை வாங்கிக்கொள்ள அக்கா கேட்டுக்கு வந்துவிட்டார்கள்.

கூடியிருக்கும் பெருமக்களே, அழுதுவிட்டு, டீ குடித்துவிட்டுக் கலைவதற்கா இந்தக் கூட்டம்? நீங்கள் நாற்காலி போட்டிருக்கும் இந்தத் தரைதான் அவருடைய கோர்ட். அந்தப் பக்கத்து வளையத்தைக் கழற்றிவிட்டார்கள். இந்தப் பக்கத்து வளையத்தில் பந்தல் கயிறு கட்டியிருக்கிறது. காலுக்குக் கீழே பாருங்கள், பஸ் நிறுத்த மஞ்சள் கோடு போட்டிருக்கிறார்கள், இன்னும் காயக்கூட இல்லை, என் செருப்பில் ஒட்டுகிறது. பெயிண்டர் தெரியாமல் போட்டிருப்பான். ஐயா வாக்குக் கொடுத்திருக்கிறாரே. மாஸ்டர் தன் பங்கை முடித்துக் கொடுத்துவிட்டுத்தானே போனார்?

இந்த மேடையில் நான் உறுதி சொல்கிறேன். அடுத்த சீசன் இந்த டீம் இறங்கும். ஆல்வின் இருக்கிறான், முகிலன் இருக்கிறான். மற்ற மூன்று பேருக்குப் படிப்பு முடிகிறது, இன்னும் மூன்று பேர்தான் வேண்டும். வேன் இருக்கிறது. பன்னிரண்டு ஜெர்சியும் துவைத்து மடித்து இருக்கிறது. மாஸ்டர் விட்ட இடத்திலிருந்து நாங்கள்...

முதல்வர் அம்மா நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். ஐயா அம்மாவின் காதில் ஏதோ கேட்கிறார். ரெண்டே நிமிஷம் அம்மா.

அக்கா, நீங்க ஏன் எழுந்துட்டீங்க? உக்காருங்க. உடம்பு தாங்காது. அக்கா, ஐயாவைப் பாத்துக் கும்பிடாதீங்க. வேணாம்கா. கையை இறக்குங்க. ஆல்வின், அக்காவை உக்கார வை. நீயும் இப்படிப் பாக்காதடா.

ஐயா அந்த வாக்கைக் குடுக்கலக்கா. ஐயாவுக்கு அது இன்னான்னே தெரியாது, அதான் அம்மாவைக் கேக்குறாரு. அன்னிக்கு வேன்ல எல்லாரும் தலையைத் தொங்கப் போட்டுக்கினு வந்தாங்க. மாஸ்டர் விசிலைக் கழட்டி உள்ள போட்டாரு. அதைப் பாக்க முடியாம என் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். இன்னிக்கு இத்தினி பேர் முன்னாடி மைக்குல சொல்லிட்டா ஐயாவால இல்லைன்னு சொல்ல முடியாதுன்னு நெனச்சேன். நீங்க கும்பிடுவீங்கன்னு நெனைக்கல.

அந்த சிக்னல்ல நின்னது நெசம். தனியா நின்னேன். ஐயா ஒரு நாளும் என் வண்டியில ஏறினதில்லை.