மூலைக் கட்டம்

அக்கா: ...இன்னொரு தடவை ஓட்டிப் பாரு. அவசரப்படாத.

தம்பி: ஓட்டினேன். புரோகிராம் லைப்ரரியில நீ புதுசா சேர்த்த, சொல்லுக்குச் சொல் தூரம் அளக்கற ஃபங்க்‌ஷன், எல்லா டெஸ்ட்டும் பாஸ். உலகமே எடுத்துப் பயன்படுத்தலாம். நம்ம அப்பாவுக்கு மட்டும் உதவல.

அக்கா: மெதுவா பேசு. கட்டில் பக்கத்துலயே உக்காந்துட்டு...

தம்பி: அவருக்குப் புரியாதுன்னு டாக்டரே கைய விரிச்சுட்டாரு. பக்கவாதம் வந்ததுலேர்ந்து டேப்லெட்ல ஏதோ குத்துறாரு. அதுல ஒரு சொல்லாவது இருக்கா?

அக்கா: இருக்குன்னுதானே இதை எழுதினேன்.

தம்பி: சரி, கோவிச்சுக்காத. அந்தக் கட்ட வித்தையை இன்னொரு தடவை சொல்லு.

அக்கா: அவர் அடிச்ச சொல் மேல. அவரோட பழைய மெசேஜ்லேர்ந்து எடுத்த சொல் ஒண்ணு இடது பக்கம். நடுவுல கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் மேல, பக்கத்துல, குறுக்கால, மூணே மூணு அண்டை வீட்டைத்தான் எட்டிப் பாக்கும். ஒரு எழுத்தைச் சேர்க்கணுமா, எடுக்கணுமா, மாத்தணுமா... எதுல செலவு கம்மியோ அதை எழுதிக்கும்.

தம்பி: கடைசி மூலைக் கட்டத்துல...

அக்கா: ரெண்டு சொல்லுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு வந்து நிக்கும். எந்தப் பழைய சொல்லுக்குத் தூரம் ரொம்பக் கம்மியோ, அதைத்தான் அவர் அடிக்க நினைச்சிருப்பாரு.

தம்பி: எந்தக் கட்டத்துக்கும் முழுக் கதை தெரியாது. ஆனா கதை முடிஞ்சிருக்கும்... எனக்கு உடம்பே சிலிர்க்குது.

அக்கா: சிலிர்த்து என்ன? அவர் அடிச்சதுக்கு ‘கடப்பாரை’ன்னு விடை வருது.

தம்பி: உன் மண்டையில போடத்தான் கேட்டிருப்பாரு.

அக்கா: சும்மா இரு. அவர் விரலைப் பாரு...

தம்பி: நடுங்குது. ஒரு கீயைத் தொடப் போய் அடுத்ததுல சறுக்குது.

அக்கா: நான்தான் மடச்சி. பக்கத்துக் கீயில சறுக்கினாலும், எங்கயோ போய்க் குத்தினாலும் ஒரே செலவு போட்டுருக்கேன். சறுக்கலுக்குப் பாதி போதும்... ம். இப்ப ஓட்டு.

தம்பி: ...அக்கா.

அக்கா: என்னடா?

தம்பி: ‘ஜன்னல்’.

அக்கா: ...போய்த் திற.

தம்பி: திறந்துட்டேன். கண்ணை மூடிக் காத்து வாங்கறாரு. அக்கா... இத்தனை வாரமா நாம பேசினதெல்லாம்...

அக்கா: கேட்டுட்டுத்தான் இருந்திருக்காரு. இரு, மறுபடி அடிக்கறாரு. படி.

தம்பி: ‘அம்மா’.

அக்கா: ...சித்தி வீட்டுல இருக்காங்கப்பா. கால் வலி. சரியானதும் வந்துடுவாங்க.

தம்பி: நீ பேசிட்டிரு. நான் மாடியில துணி எடுத்துட்டு வரேன்.

அக்கா: இப்பத்தானே எடுத்துட்டு வந்த. கண்ணெல்லாம் சிவக்க...

தம்பி: தூசி. காலையில மாடியில உனக்குப் பட்ட அதே தூசிதான்.

அக்கா: சரி, உக்காரு... நிறைய அடிச்சிருக்காரு. ஒவ்வொரு சொல்லா வருது. படிடா.

தம்பி: ‘அவ இனி வர மாட்டா. தெரியும். மாடிக்குப் போகாதீங்க... இங்கயே அழுங்க.’