சின்னாகுளத்துக் கிணற்றில் லாரித் தண்ணீர்

தலைமை வகிக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஈஸ்வரன் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாயை இழந்து முன் வரிசையில் அமர்ந்திருக்கும் மகள் கௌசல்யா அவர்களே, கன்னிவாடியிலிருந்தும் வடமதுரையிலிருந்தும் நத்தத்திலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் ஊர் நீர்க் குழுவினரே, துயரத்தோடு கூடியிருக்கும் உங்கள் அனைவருக்கும் இந்த முத்துக்கிருஷ்ணனின் வணக்கம்.

பேராசிரியர் அறிவுச்செல்வி அம்மையார் மறைந்துவிட்டார். திண்டுக்கல்லில் ஒரு தலைமுறைக்கு வேதியியல் கற்றுக்கொடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகு, தங்கள் ஊர்த் தண்ணீரைத் தாங்களே அளந்து பார்க்க மக்களுக்குக் கற்றுக்கொடுத்தவர். அதே கல்லூரியில் விலங்கியல் நடத்தியவன் நான். தவளை அறுத்தவனுக்குத் தண்ணீர்ச் சோதனையில் என்ன வேலை என்று சிலர் கேட்டபோது, தவளை பின்னே எதில் இருந்தது என்று திருப்பிக் கேட்டு என்னைக் கையோடு இழுத்துப் போனவர்.

எனக்கு முன்னால் ஐந்தாறு பேர் பேசினார்கள். எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: 'அவர் தவறே செய்யாதவர்.' எனக்குப் பின்னால் தொங்கும் பிளெக்ஸ் பேனரிலும் அதுதான் இருக்கிறது. அன்பர்களே, அந்த வாக்கியத்தோடு சண்டை போடத்தான் நான் எழுந்திருக்கிறேன். இரங்கல் கூட்டத்தில் சண்டையா என்று முகம் சுளிக்காதீர்கள். அம்மையார் இருந்திருந்தால் எனக்கு முன்னால் எழுந்திருப்பார்.

அவர் வீட்டுக்கு வந்த தண்ணீரைப் பார்த்திருக்கிறீர்களா? பிராந்தி பாட்டிலில் வரும். கலர் பாட்டிலில் வரும். ஒருவர் சாம்பார் பார்சல் கவரில் முடிந்துகொண்டு வந்தார்! அம்மையார் யாரையும் திட்டவில்லை. பாட்டிலை எப்படிக் கழுவுவது, எந்த ஆழத்தில் மொள்ளுவது, எப்படி மூடுவது என்று ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் செய்து காட்டினார். அந்தப் பொறுமை எனக்குக் கிடையாது. நான் முறைத்துக்கொண்டு நிற்பேன்.

கன்னிவாடி கருப்புசாமி இங்கே உட்கார்ந்திருக்கிறார். அவர் தோட்டத்துக் கிணற்றில் உப்பு கூடுதல் என்று முடிவு வந்தபோது, உப்பு அளக்கும் மீட்டர் பொய் சொல்கிறது, யாரோ சொல்லிக்கொடுத்துப் பேசுகிறீர்கள் என்று வாசலில் நின்று கத்தியவர் இவர்தான். அம்மையார் என்ன செய்தார்? மீட்டரையே அவர் கையில் கொடுத்து, அக்கம்பக்கத்துக் கிணறுகளையெல்லாம் அளந்துவிட்டு வரச் சொன்னார். போனவர் திரும்பி வந்தார், குழுவில் சேர்ந்தார், இன்றைக்கும் அந்தப் பக்கத்து ஊர்களுக்கு அவர்தான் பொறுப்பு. அன்று அம்மையார் அவரிடம் சொன்னது இவ்வளவுதான்: "என்னைய நம்பச் சொல்லலய்யா. நான் அளந்த விதத்தப் பாருங்க. தப்பா இருந்தா மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க."

அப்படிப்பட்டவரைத்தான் தவறே செய்யாதவர் என்கிறோம். தவறைச் சொல்லுங்கள் என்று கேட்டவருக்கு நாம் செய்யும் மரியாதை இதுதானா?

இனி சின்னாகுளத்துக்கு வருகிறேன். தோல் பதனிடும் ஆலையின் கழிவு தங்கள் கிணற்றில் இறங்குகிறது என்று அந்த ஊர் மக்கள் மனுக்கொடுத்தார்கள். விசாரணை முடியாததால் ஆலையின் பெயரை மேடையில் சொல்லவில்லை. அந்த ஊரின் நிலையைச் சற்றே நினைத்துப் பாருங்கள். தண்ணீர் கெட்ட நிலத்தை யாரும் வாங்க மாட்டார்கள்; விற்றுவிட்டுப் போகவும் முடியாது. பயிரிட்ட பூச்செடி கருகுகிறது, இருந்து பிழைக்கவும் முடியாது. பாதி வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த ஆலையில்தான் வேலை. ஆலை மூடினால் அடுப்பு எரியாது, மூடாவிட்டால் கிணறு தேறாது. அதிகாரிகள் அளந்தால், விலைபோய்விட்டார்கள் என்று மக்கள் நம்ப மறுத்தார்கள். மக்கள் அளந்தால், விவரம் தெரியாதவர்களின் கணக்கு என்று அதிகாரிகள் நம்ப மறுத்தார்கள். இரண்டு தரப்பும் நம்பிய ஒரே ஆள் அறிவுச்செல்வி அம்மையார்தான்.

மாதா மாதம் சின்னாகுளத்தார் அளந்தார்கள். மாதா மாதம் மோசமாகவே வந்தது. அந்த மனு மீது அதிகாரிகள் நடத்தும் விசாரணைக்கு முன்னால் கடைசியாக ஒருமுறை, அம்மையாரே நேரில் வந்து தண்ணீர் எடுப்பதாக ஏற்பாடு. போனோம், எடுத்தோம், அளந்தோம். குடிக்கத் தகுந்த தண்ணீர் என்று முடிவு வந்தது!

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. முடிவு எதுவானாலும் அன்றைக்கே ஊராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட வேண்டும். இது ஏதோ கோளாறு, விசாரித்துவிட்டு ஒட்டலாம் என்று நான் தடுத்தேன். அம்மையார் பசையை எடுத்துக்கொண்டே, "கெட்டதா வந்தப்ப ஒட்டுனோம்ல சார்? நல்லதா வந்தா மட்டும் ஒளிச்சு வைக்கவா?" என்றார். ஒட்டினார். ஆலைத் தரப்பார் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

அடுத்த நாளே அம்மையார் என்னையும் அழைத்துக்கொண்டு சின்னாகுளத்துக்குத் திரும்பிப் போனார். கிணற்றுக்கு யாராவது ஏதாவது செய்தீர்களா என்று கேட்டார். மகளிர் குழுத் தலைவி லூர்தம்மாள் சந்தோஷமாக முன்னால் வந்து சொன்னார்: "செய்யாம இருப்பமா டீச்சர்? நீங்க மொத மொதல்ல எங்க ஊருக்கு வாரீக. பாசி புடிச்ச கெணத்தையா காட்டுறது? மோட்டார் வச்சு இறைச்சு, படியெல்லாம் தேய்ச்சுக் கழுவி, வெறுங்கெணறா இருந்தா நல்லா இருக்காதுன்னு லாரித் தண்ணியக் கொண்டாந்து விட்டோம்."

விருந்தாளி வருகிறார் என்றால் நாம் வாசல் தெளிக்க மாட்டோமா? அதைத்தான் அந்த ஊர் செய்தது. எங்கிருந்தோ குழாயில் வந்து லாரியில் ஏறிய குடிநீரை அளந்துவிட்டு, சின்னாகுளத்துக் கிணறு சுத்தம் என்று நாங்கள் எழுதிவிட்டோம். சிரிக்கத்தான் தோன்றுகிறது. ஆனால் திரும்பும் வழியில், ஆட்டோ பஸ் ஸ்டாண்ட் பக்கம் வந்தபோது அம்மையார் சொன்னார்: "பாட்டிலக் கழுவுங்க, கழுவுங்கன்னு அம்புட்டுத் தடவ சொன்னேன். கெணத்தக் கழுவாதீகன்னு ஒரு தடவகூடச் சொல்லலயே சார்."

விசாரணையில் என்ன சொல்வது? பேசாமல் இருந்தால் கிணறு சுத்தம் என்று ஆகிவிடும். உண்மையைச் சொன்னால், இந்த மக்களின் அளவீடே நம்பத்தக்கதல்ல என்று ஆகிவிடும். எந்தப் பக்கம் போனாலும் சுவர். அம்மையார் எழுந்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். 'எண் சரி, தண்ணீர்தான் கிணற்றுடையது அல்ல. மாதிரி எடுக்கும் முன் கிணற்றைத் தொடக் கூடாது என்று சொல்லாதது என் தவறு. ஊராரின் தவறு அல்ல' என்று எழுதியும் கொடுத்தார்.

விளைவு நீங்கள் அறிந்ததுதான். சின்னாகுளத்து அளவீடு மட்டுமல்ல, எங்கள் குழு எந்த ஊரில் அளந்ததையும் ஏற்க முடியாது என்று ஒதுக்கிவிட்டார்கள். அந்த ஊர்க்காரர்களே அம்மையாரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. யாரய்யா உண்மையைக் கேட்டது என்றார்கள். அதன் பிறகும் அவர் போனார். ஒவ்வொரு ஊராக முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தார், மறுபடி அளக்க வைத்தார். சின்னாகுளத்துக்குப் போகும் முன் அவர் இதயம் நின்றுவிட்டது.

அன்பர்களே, என் கையில் இப்போது ஒரு தீர்மானம் இருக்கிறது. குழுவின் செயலாளர் தம்பி சிவபிரகாஷ் எழுதியது. 'ஒருபோதும் தவறு செய்திராத பேராசிரியர் அறிவுச்செல்வியின் அளவீடுகளை அரசு ஏற்க வேண்டும்' என்று தொடங்குகிறது. இதை நான் படிக்க வேண்டும், நீங்கள் கை தட்ட வேண்டும். படிக்க முடியாது என்று முந்தாநாளே சொன்னேன். தம்பி என்னை ஓரமாக அழைத்துப் போய்ச் சொன்னார்: "சார், அதப் போயி இப்பக் கிளறாதீக. அந்த லூர்தம்மா தோல் ஷாப்புக்காரன்கிட்டக் கைநீட்டித்தான் லாரித் தண்ணிய ஊத்துச்சுன்னு ஊரே பேசுது. மகன் ஜெரின் அங்கதான வேலை பாக்குறான்? பழி அங்கிட்டே கெடக்கட்டும். டீச்சர் பேராவது மிஞ்சட்டும்."

புரிகிறதா? அம்மையார் தவறே செய்யாதவர் என்றால், தவறு செய்தவர் என்று ஒருவர் வேண்டுமே! அந்த ஒருவர் லூர்தம்மாள். ஊரில் அவரோடு யாரும் பேசுவதில்லை. மகளிர் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். இப்போது அவர் இந்த மண்டபத்துக்கு வெளியே, செருப்புகள் கிடக்கும் இடத்தில் நின்று நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். உள்ளே வந்தவரை உட்கார விடாமல் அனுப்பியது நம்மில் யாரோதான்.

நான் இந்த வாக்கியத்தைப் படித்தால் இறந்தவர் எழுதிக் கொடுத்ததைப் பொய்யாக்குகிறேன். படிக்காவிட்டால், ஆலை வக்கீலுக்கு நாளைக்கே தீனி போடுகிறேன். நிலத்தோடு மாட்டிக்கொண்ட ஒரு ஊரைக் கைவிட்டவன் ஆகிறேன். இரண்டு நாளாக யோசிக்கிறேன். தப்பிக்க வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை. இந்தக் கூண்டுக்குள்தான் அவர் கடைசிக் காலம் முழுவதும் இருந்தார் என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. அவரை நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது.

அந்த வாக்கியத்தை அடித்துவிட்டேன். அதன் இடத்தில் நான் எழுதியிருப்பதைப் படிக்கிறேன். 'பேராசிரியர் அறிவுச்செல்வி ஒரு தவறு செய்தார். கண்டுபிடித்தவர் அவரே. எல்லோர் முன்னிலையிலும் சொன்னவரும் அவரே. ஆகவே அவருடைய மற்ற அளவீடுகளை எவரும் வந்து சோதித்துப் பார்க்கலாம்.' கை தட்ட வேண்டாம். மனம் ஒப்பினால் ஏற்றுக்கொள்ளுங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை சின்னாகுளத்தில் மறுபடி தண்ணீர் எடுக்கிறோம். அதிகாரிகளையும் ஆலைத் தரப்பாரையும் வந்து நிற்கச் சொல்லியிருக்கிறோம். வாளியை இறக்கப்போவது லூர்தம்மாள். முடிவு நமக்கு எதிராகவே வந்தாலும் அன்றைக்கே பலகையில் ஏறும். பணியைத் தொடர்வோம், பணியைத் தொடர்வோம் என்று எல்லோரும் உறுதி கூறினீர்கள். பழியைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டாரே, அதைத் தொடர யார் வருகிறீர்கள்? அதுவும் அவர் செய்த பணிதானே! இனி இந்தக் குழு எங்கே தவறினாலும் ஊராரிடம் போகாதீர்கள், சொல்லிக்கொடுத்தவன் என்று என்னிடம் வாருங்கள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வாருங்கள்.

லூர்தம்மா, உள்ளே வாங்க. கௌசல்யா தன் பக்கத்து நாற்காலியில் இருந்த பையை எடுத்துவிட்டார். நீங்கள் வந்து உட்காரும்வரை நான் இந்த மைக்கை விடுவதாக இல்லை.