வாசக்கதவுக்கு வேற பெயின்ட்

தாம்பரத்தில் கிளம்பிய மின்சார ரயிலில் என் எதிரே இரண்டு ஆசிரியைகள்.

"படம் போட்ட பத்தே நிமிஷத்துல, ஹீரோயின் யாரைக் கட்டிப்பான்னு சொல்லிடுவேன்க்கா," என்றாள் இளையவள்.

"அந்த இங்கிலீஷ் கிறிஸ்துமஸ் காதல் படமெல்லாம் ஒரே கதைதானே. முடிவு தெரிஞ்சும் ஏன்டி பாக்கற?"

"அப்பாவுக்காகத்தான். பக்கவாதத்துல பேச்சு போனதுலேர்ந்து, படத்துல யாராவது செத்தா அழுதுடறார். இதுல எல்லாரும் நல்லாயிடுவாங்கன்னு தைரியமா உக்கார வைக்கலாம். டிவிடி கடைக்காரரே எனக்குன்னு எடுத்து வெச்சிடறார்."

"இப்ப பேசறாரா?"

"ஞாயித்துக்கிழமை பேசினார்க்கா! ஹீரோயின் ஊர்ல வந்து இறங்கறா. அப்பா திக்கித் திக்கி, 'இந்த வீடு... போன படத்துலயும் வந்துச்சே'ன்னார். நாலு மாசத்துல முதல் பேச்சு. அம்மா அழுதுட்டாங்க. நான் பழைய டிவிடியைப் போட்டுப் பாத்தேன். அதே வீடுதான். வாசக்கதவுக்கு மட்டும் வேற பெயின்ட் அடிச்சிருக்காங்க."