அண்ணன் கேட்ட நாவல்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் சாயங்கால பஸ். எனக்கு முன்சீட்டில் இரண்டு கல்லூரிப் பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் மடியில் ஒரு நாவலை வைத்துக்கொண்டு, "கடைசிப் பக்கங்கள மட்டும் கிழிச்சிடட்டாடி?" என்றாள். என் காது தானாக முன்னே போய்விட்டது.

"லைப்ரரி புக்குடி, லூசு. இன்னா ஆச்சு?" என்றாள் பக்கத்தில் இருந்த தோழி.

"கதைய பத்தி உனக்கு வாய்ஸ் அனுப்பனேன்ல? அண்ணன் என் போன எடுத்துக் கேட்டுட்டான்."

"எந்த வாய்ஸ்?"

"அவ அவனோட ஓடனது சரிதான், நானா இருந்தாலும் ஓடியிருப்பேன்னு சொன்னேனே, அது. யாரு அவன், எந்தத் தெருன்னு நிக்கவெச்சிக் கேக்கறான். கதைன்னா நம்ப மாட்டேங்கறான்."

"நீதான் கதையில வர்றவங்கள பக்கத்து வூட்டுக்காரங்க மாதிரியே பேசுவியே. புக்கக் காட்டிடு."

"அதான் பயமா கீது. புக்க எடுத்துக்கினு வான்னுட்டு உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுல வந்து நிக்கறான். நீ இன்னும் முடிவு படிக்கலல்ல?"

"இன்னா முடிவு?"

"அவ அண்ணனே அவள கெணத்துல தள்ளிடறான். கால் தவறி விழுந்ததா ஊரே சொல்லிடுது. அவன யாரும் ஒண்ணும் கேக்கல. அத இவன் படிக்கணுமா?"

தோழி புத்தகத்தை வாங்கிக் கடைசிப் பக்கங்களைப் படித்தாள். அப்புறம் புத்தகத்தை மூடிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த நிறுத்தத்தில் கண்டக்டர் தோழியைப் பார்த்து, "இன்னாம்மா, உன் ஊரு வந்துடுச்சு, எறங்கல?" என்றார்.

"இல்லண்ணா, உத்திரமேரூருக்கே வரேன்" என்றாள் அவள், ஜன்னலோரத்துக்காரியின் கையை விடாமல்.